ரூஃப் லைனிங்: ஒட்டுவதற்கு முன்னால் சுரண்ட வேண்டும்

காரின் மேற்கூரையில் உள்ள துணி தொங்கத் தொடங்கினால், பசை விட்டுவிட்டது என்றே நாம் முதலில் நினைக்கிறோம். குண்டூசி குத்திப் பார்ப்பவர்கள் உண்டு. இருபக்க டேப் ஒட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. சிரிஞ்சில் பசையை நிரப்பித் துணிக்குப் பின்னால் செலுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. எதுவும் ஒரு கோடையைத் தாண்டுவதில்லை, ஏனென்றால் அங்கே கெட்டுப்போனது பசையே அல்ல.

ரூஃப் லைனிங் என்பது வெறும் துணியன்று. கூரையின் வடிவத்துக்கு ஏற்ப அழுத்திச் செய்த நார் அட்டை ஒன்று, அதன்மேல் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ஃபோம், அந்த ஃபோமின் முகப்பில் நாம் பார்க்கும் துணி என்று அது மூன்று அடுக்குகளால் ஆனது. நடுவில் இருக்கும் ஃபோம் பாலியூரித்தேனால் ஆனது. வெயிலில் நிற்கும் காரின் இரும்புக் கூரை மதிய வேளையில் எளிதாக 60, 70 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறுகிறது. அந்த வெப்பமும் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும்போது ஃபோமின் இழைகள் அறுந்து, கடைசியில் அது ஆரஞ்சு கலந்த மஞ்சள் தூளாக உதிர்ந்துவிடுகிறது. அட்டையில் பசை நன்றாகவே இருக்கும், துணியும் கிழிந்திருக்காது, இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்த ஃபோம்தான் இல்லாமல் போயிருக்கும். சென்னையில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தெருவோரம் நின்ற எங்கள் சிறிய காரில், பின்சீட்டில் உட்கார்ந்து எழுந்தவர்களின் தலையிலும் தோளிலும் விழுந்தது அந்தத் தூள்தான்.

துணி வாங்க அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். சீட் கவரும் மிதியடியும் விற்கும் அந்தத் தெருவில் லைனிங் துணியும் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. சாதாரணத் துணியைக் காட்டி விலை கேட்டபோது கடைக்காரர் அதை மடித்து உள்ளே வைத்துவிட்டார். "இது வேணாம் சார், வெறுந்துணில பசை ஊறி வெளிய தெரியும், அட்டையோட மேடுபள்ளமும் அப்படியே தெரியும். ஃபோம் ஒட்டினதா எடுத்துக்கோங்க" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. 60 அங்குல அகலமுள்ள துணியாக இருந்தால் சிறிய காருக்கு இரண்டு மீட்டர் போதும். கண்ணாடிகளுக்கு நடுவே கூரையைத் தாங்கும் தூண்களையும் சேர்த்துப் போர்த்துவதாக இருந்தால் இன்னும் ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் பிறகு போனால் அதே நிறம் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அட்டையைக் கழற்றுவது கேட்பதற்குப் பயமாக இருந்தாலும் பொறுமையால் முடிகிற வேலைதான். சன் வைசர், கைப்பிடிகள், ரூம் லைட், கதவு வாய்களைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், தூண்களின் பிளாஸ்டிக் கவர் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் அட்டை தானே கீழிறங்கும். விபத்தின்போது ஜன்னலோரம் திரைபோல விரியும் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் மட்டும் எச்சரிக்கை அதிகம் வேண்டும். அந்தப் பை கூரையின் விளிம்பில், அட்டைக்குப் பின்னாலேயே மடித்து வைக்கப்பட்டிருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்காமல் அந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது. முன்சீட்டுகளை முழுவதும் சாய்த்து, அட்டையை டிக்கி வழியாக வெளியே கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். என் மைத்துனன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு "மாமா, வளைக்காதீங்க, சாய்ச்சு மட்டும் கொண்டுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நடுவில் ஒருமுறை மடங்கிய அட்டையில் அந்தக் கோடு எந்தத் துணியைப் போட்டாலும் தெரியும் என்பதால் அவன் பதற்றத்தில் நியாயம் இருந்தது.

இனி வருவதுதான் உண்மையான வேலை. பழைய துணி கையால் இழுத்தாலே தோல் உரிவதுபோல வந்துவிடும். அட்டை முழுவதும் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபோம் மிச்சத்தை எடுக்கத்தான் நேரம் பிடிக்கும். மொட்டைமாடியில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, நைலான் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ்ஷைத் தொடவே கூடாது. அது அட்டையின் மேல்தோலைக் கிழித்து நார்களைக் கிளப்பிவிடும். தேய்த்து முடிந்ததாகத் தோன்றும்போது ஒரு கறுப்புத் துணியால் அட்டையைத் துடைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. துணியில் மஞ்சள் தூள் படிந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். அந்தத் தூளின்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பசையைத் தெளித்தாலும் அது தூளைத்தான் பிடிக்குமே தவிர அட்டையைப் பிடிக்காது. புது லைனிங் ஆறு மாதத்தில் மீண்டும் தொங்குவதாகக் கேட்கும்போதெல்லாம், அவசரத்தில் இந்தக் கட்டம் கைவிடப்பட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மரவேலைக்கான வெள்ளைப் பசை இங்கே உதவாது. அதிலுள்ள தண்ணீர் அட்டையை ஊறவைத்து வளைத்துவிடும். குஷன் கடைகளில் பயன்படுத்தும் செயற்கை ரப்பர் பசையையோ, அதிக வெப்பத்தைத் தாங்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் ஸ்பிரே பசையையோதான் வாங்க வேண்டும். காகிதம் ஒட்டும் ஸ்பிரே பசை மே மாதத்தில் இளகிவிடும். வேலை செய்யும் பருவமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது அதன் மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதன்மேல் படிந்துவிடும், பிடிப்பு குறையும். அக்கினி நட்சத்திர வெயிலிலோ பசைத் துளிகள் அட்டையைச் சேரும் முன்பே காய்ந்துவிடும். தை, மாசி மாதங்களின் காலை நேரம் இதற்கு ஏற்றது.

துணியை அட்டைமேல் விரித்துச் சரிபார்த்தபின், ஒரு பாதியை மடித்துப் போட்டு, அட்டையிலும் ஃபோமின் பின்புறத்திலும் பசை பூச வேண்டும். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் பசை விரலோடு நூலாக வரக் கூடாது. அதுவரை காத்திருக்க வேண்டும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உள்ளங்கையால் தடவிக்கொண்டே போகலாம். அழுத்திப் பிடித்து இழுக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். சன் வைசர் உட்காரும் குழியிலும் ரூம் லைட்டைச் சுற்றியுள்ள பள்ளத்திலும் துணியைத் தளர்வாக விட்டு, முதலில் பள்ளத்தின் அடியில் விரல் நுனியால் அழுத்திவிட்டு, பிறகுதான் கரைக்கு ஏற வேண்டும். பள்ளத்தின்மேல் பாலம் போட்டதுபோல இழுத்து ஒட்டிய துணி முதல் வெயிலிலேயே அங்கிருந்து எழும்பும். விளிம்பில் ஓர் அங்குலம் மிச்சம் விட்டுப் பின்பக்கம் மடித்து ஒட்டி, விளக்குத் துளைகளைப் பெருக்கல் குறிபோலக் கீறி அந்த நாக்குகளையும் பின்னால் மடித்துவிட்டு, ஒரு முழுநாள் காயவிட்டேன்.

தூண் கவர்களுக்கும் இதே முறைதான். கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடில் ரெக்சின் போடுவதாக இருந்தால் வளைவுகளில் ஹேர் டிரையரால் சூடேற்றிக்கொண்டால் ரெக்சின் சொன்னபடி கேட்கும். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைத் தேவையில்லாதது என்று பல மெக்கானிக்குகள் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான், ஆகவே அதைத் திரும்ப ஒட்டியே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் பொருத்திப் பேட்டரியை இணைத்தபின் சாவியைத் திருப்பி, டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைகிறதா என்று பார்க்க வேண்டும். அணையாமல் நின்றால் ஏதோ ஓர் இணைப்பு சரியாக உட்காரவில்லை என்று பொருள்; அதை நாமே நோண்டாமல் சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுவது நல்லது.