புதாற்றில் தண்ணீர் வந்த அன்று

பேராவூரணிக்குப் பக்கத்தில், கல்லணைக் கால்வாயின் கடைமடையில் எங்கள் ஊர். அந்தக் கால்வாயைப் புதாறு என்போம். 2024-இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை, ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தது. ஆடி கடைசியில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டியது. பிள்ளைகள் தண்ணீருக்கு முன்னால் ஓடினார்கள். பெண்கள் பூவும் நெல்லும் போட்டுக் கும்பிட்டார்கள். நான் மதகடியில் நின்றிருந்தேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது.

எனக்குப் பயம் வந்தது அன்றுதான்.

அதுவரை என் மனசு சரியில்லாததற்குக் காரணம் வெளியே இருப்பதாக நம்பியிருந்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. மறுபடி கன்று வைத்து, அது பாளை விடும் நேரத்தில், 2023 அக்டோபரில் அணையை மூடினார்கள். ஆறு மா நிலத்தில் போட்ட சம்பா நெல்லும் கருகியது. கடன் வேறு. இத்தனை நடந்தால் யாருக்குத்தான் மனசு நன்றாக இருக்கும் என்றார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன். தண்ணீர் வந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன். தண்ணீர் வந்தது, சரியாகவில்லை.

யோசித்துப் பார்த்தால் எட்டு மாதமாகவே அடையாளங்கள் இருந்தன. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. காலையில் நெஞ்சில் கல்லை வைத்தது போல் இருக்கும். பொழுது சாயச் சாயக் கொஞ்சம் இலேசாகும். மீன்குழம்பு மண்ணாய் இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கொட்டகையில் நின்றிருக்கிறேன். போன் அடித்தால் எடுக்க மாட்டேன். அழுகை வரவில்லை, அதனால் இதை நோய் என்றே நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பிடரி வலியும் வயிற்றில் கேஸும்தான். அதற்காக மூன்று டாக்டர்களைப் பார்த்தேன். ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் நார்மல். அதில் ஒருவர், "சும்மா உக்காந்திருந்தா இப்படித்தான், போய் வேலையப் பாருங்க" என்றார். அதற்குப் பிறகு வலியைப் பற்றிக்கூட நான் யாரிடமும் பேசவில்லை.

அக்கா குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் வரலாம் என்றாள், போனோம். மனம் கலங்கியவர்களை வைத்துக்கொண்டு அங்கே தங்கியிருந்த குடும்பங்களைப் பார்த்தபோது, நமக்கு மட்டும் இல்லை என்று தோன்றியது. அது பெரிய ஆறுதல்தான். ஆனால் திரும்பி வந்த மறுநாளும் மூன்று மணிக்கே விழிப்பு.

சரியான கேள்வியைக் கேட்டது ஒரு தங்கச்சி. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க, அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலிருந்து மாதாமாதம் வீட்டுக்கு வரும் பெண். என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டது. அவ்வளவுதான், நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். 14416 என்ற எண்ணை அம்மாவின் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தது. டெலிமானஸ், அரசு நடத்துகிற மனநல உதவி எண். காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். மூன்று நாள் அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நாலாம் நாள் ராத்திரி களத்தில் போய் நின்று கூப்பிட்டேன். தமிழில்தான் பேசினார்கள். அவசரப்படுத்தவில்லை. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள்.

மனைவியையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு அதில் கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்று: ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் 'மனநலம்' என்று வாய்விட்டுச் சொல்வது. பின்னால் தெரிந்தவர் யாராவது நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

டாக்டரம்மா அரைமணி நேரம் கேட்டார். இழப்பு வந்தால் வருத்தம் வரும், அது இயல்பு என்றார். ஆனால் ரெண்டு வாரத்துக்கு மேலாக, தினமும் பெரும்பொழுது மனசு கனத்தோ எதிலும் நாட்டம் இல்லாமலோ இருந்து, தூக்கம், பசி, யோசனை எல்லாம் கெட்டால் அது மனச்சோர்வு நோய், பார்த்தே ஆக வேண்டும் என்றார். தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் இப்படிச் சோர்வு வரலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அப்புறம் நேராகவே கேட்டார்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" ஆமாம் என்றேன். பக்கத்தில் இருந்த மனைவி என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் மாதக்கணக்கில் காத்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கேட்டால் அந்த எண்ணம் கூடிவிடும் என்று பயப்படுகிறார்கள். எனக்குப் பாரம் இறங்கியது.

மாத்திரை எழுதிக் கொடுத்தபோதே, அது வேலை செய்ய ரெண்டிலிருந்து நாலு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார். முதல் வாரம் குமட்டல்தான் மிச்சம். சொல்லாமல் விட்டிருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன். ஆசை வரட்டும் என்று காத்திருக்காமல், தினமும் காலையில் வரப்பு வரை நடந்துவிட்டாவது வாருங்கள் என்றார். மனைவி ஒரு வார்த்தை பேசாமல் கூடவே நடந்தாள். ஐந்தாவது வாரம் ஒருநாள், ரசத்தில் உப்புக் கம்மி என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஒரு தப்பு செய்தேன். மூன்று மாதத்தில் நன்றாகிவிட்டது என்று நானே மாத்திரையை நிறுத்தினேன். தலை கிறுகிறுத்தது, சில வாரத்தில் பழைய மூன்று மணி விழிப்பும் வந்துவிட்டது. நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும், குறைப்பதையும் டாக்டர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இப்போது பாதி மாத்திரையில் இருக்கிறேன்.

முதல் நாளே டாக்டரம்மா என் மனைவியிடம், வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை எல்லாம் அன்றைக்கே வெளியே அனுப்பச் சொல்லியிருந்தார். ஊர் திரும்பியதும் மச்சான் வந்து மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனார். இன்னும் அவர் வீட்டுப் பூட்டிய அறையில்தான் இருக்கிறது. தெளிக்க வேண்டிய அன்று அவரே எடுத்து வருகிறார், இரண்டு பேருமாகத் தெளிக்கிறோம், மிச்சத்தை அவரே கொண்டுபோய்விடுகிறார்.