யாருடைய சைகை சுத்தம்?

அமெரிக்கச் சைகை மொழியை ஒரே மொழி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அங்குள்ள கறுப்பினத்தவரின் சைகையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தென் மாநிலங்களில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிகளும் நிறம் பார்த்தே பிரிந்திருந்தன, லூசியானாவில் 1978 வரைக்கும். பெரும்பாலான பிள்ளைகளின் பெற்றோருக்குக் காது கேட்கும், சைகை தெரியாது. அதனால் பிள்ளைகள் மொழியைப் பிடித்துக்கொண்டதே விடுதியில், மூத்த பிள்ளைகளின் கைகளைப் பார்த்துத்தான். பள்ளி இரண்டானால் மொழி மட்டும் ஒன்றாகவா இருக்கும்?

1965இல் வந்த அமெரிக்கச் சைகை அகராதியிலேயே, அதைத் தொகுத்தவர்களில் ஒருவரான கார்ல் குரோனெபெர்க் இந்த வேறுபாட்டைக் குறித்திருந்தார். முறையாக ஆராய்ந்து 2011இல் புத்தகமாக்கியது கரோலின் மெக்காஸ்கில் குழு. அவரும் காது கேளாதவர்தான். 1968இல் அலபாமாவில் கறுப்பர் பள்ளியிலிருந்து வெள்ளையர் பள்ளிக்குப் போய், ஆசிரியர் காட்டும் சைகை புரியாமல் திகைத்தவர்.

என்னை அசத்தியது ஒரு சின்ன விஷயம். 'தெரியும்' என்ற சைகைக்குக் கை நெற்றியோரம் போக வேண்டும். அவசரப் பேச்சில் அது கன்னம் வரை இறங்கிவிடும், நாம் சொல்லின் வாலை விழுங்குவதுபோல. கறுப்பினத்தவர், அதிலும் மூத்தவர்கள், கையை இறக்குவது குறைவு. இரண்டு கையால் காட்ட வேண்டியதை ஒற்றைக் கையால் முடித்துவிடுவதும் குறைவு. அதாவது பழைய வடிவம் அவர்களிடம்தான் அதிகம் தங்கியிருக்கிறது.

காரணம்தான் கசப்பானது. காது கேளாதோர் கல்வி பற்றி 1880இல் மிலானில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு சைகையை ஒழித்து வாயால் பேசவைப்பதே கல்வி என்று ஆனது. அந்தப் பயிற்சிக்கு ஆளும் பணமும் வெள்ளையர் பள்ளிகளுக்கே முதலில் போயின. கறுப்புப் பிள்ளைகளைப் பற்றி அவ்வளவு அக்கறை யாருக்கும் இல்லை, அதனால் சைகை பிழைத்தது.

ஆனால் மெக்காஸ்கில் குழுவின் ஆய்வில் பேசிய கறுப்பின முதியவர்கள் சிலர், வெள்ளையர் சைகைதான் உசத்தி என்றார்கள்! கேள்வி கேட்டவரும் கறுப்பினக் காது கேளாதவராக இருந்தும்கூட. (கேட்பவரைப் பார்த்து ஆட்கள் சைகையை மாற்றிக்கொள்வார்கள் என்பதால்தான் அந்த ஏற்பாடே.) இளையவர்கள் பரவாயில்லை, கறுப்பர் ஆங்கிலத்தின் கொச்சைகளையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து, இது எங்களுடையது என்று கூச்சமில்லாமல் சொல்கிறார்கள்.