காற்று: கச்சான்

மே 3
ஐஸ் அரைக்கிற மெஷின் நின்று இன்றோடு 19 நாள். காசிமேடு இவ்வளவு அடங்கிக் கிடப்பது வருஷத்துக்கு 61 நாள்தான், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம். ஃபைபர் போட்டுகள் மட்டும் போய்வருகின்றன. விடிகாலை அரை மணி நேரம் பதிவு செய்தேன். எதையும் எழுதி வைக்கவில்லை. ஞாபகம் இருக்காதா என்ன.

மே 6
இல்லை.
ஃபைல் 14-இல் ஒரு டொக். கொஞ்சம் விட்டு, டொக்டொக். நடுவில் பேட்டரி தீர்ந்து ரிக்கார்டரின் கடிகாரம் ஜனவரி 1-க்குப் போய்விட்டது. எந்த நாள், எந்தப் பக்கம் நின்றேன், தெரியவில்லை.

மே 7
லாங் சைஸ் நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். ஃபைல் நம்பர், வாட்ச் நேரம், ரிக்கார்டர் நேரம், நின்ற இடம், மைக் பார்த்த திசை, கெயின் (ரிக்கார்டர் சத்தத்தைக் கூட்டி வாங்கும் அளவு), காற்று, கேட்டது. பதிவின் தொடக்கத்தில் தேதியையும் இடத்தையும் வாயாலும் சொல்லிவிட வேண்டும். சொன்னேன். "இன்னாண்ணா, ரேடியோவா?" என்று ஒரு பொடியன். அதுவும் பதிவாகிவிட்டது.

மே 11
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். ஹாரனில் பதிவு பிளந்துவிட்டது. கெயின் 50 என்று நோட்டு சொல்கிறது, என் தப்புதான்.

மே 12
அப்பா காது ரிப்போர்ட். ரெண்டு பக்கமுமே. "இஞ்சினு பக்கத்துலயே படுத்துத் தூங்குனவன்டா நானு." சொல்லும்போது பெருமை வேறு.

மே 19
'மேற்குக் காற்று' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் அப்பா எழுத்தில் 'கச்சான்'. "காத்துக்குப் பேரு கீதுல்ல?"

மே 20
ஃபைல் 14. அந்த டொக்.
அப்பாவுக்கு ஹெட்ஃபோன் மாட்டி வால்யூமை முழுசாக வைத்தேன். உதட்டைப் பிதுக்கினார். கழற்றிக் கொடுத்துவிட்டு, "நீயே தட்டிக் காட்டு" என்றார். மேஜையில் முட்டியால் தட்டினேன். ஒன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. உள்ளங்கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, "இன்னொரு தபா." தட்டினேன். "பஞ்சு அடிக்கிறான்." மரப்போட்டில் பலகை இடுக்குக்குள் பஞ்சைத் திணித்து உளி வைத்து அடிப்பது. "இரும்புச் சுத்தி இல்ல, கட்டை."
நோட்டில் ஏற்றினேன். நேரம், காற்று, கெயின் மூன்றும் காலி.

ஜூன் 2
மழைத் தூறல். பதிவு இல்லை.

ஜூன் 9
மூன்று தடவை கூப்பிட்டேன். நாலாவதுக்குத்தான் திரும்பினார். இதற்குக் கோடு போடவில்லை.

ஜூன் 14
ஐஸ் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. ராத்திரி 12-க்குக் கிளம்புவார்கள். புது பேட்டரி. கார்டில் 6 ஜிபி மிச்சம், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் ஸ்டீரியோவில் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடிகாரம் 4 விநாடி முந்தி, எழுதியாச்சு. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். காற்று மட்டும் காலியாக விட்டிருக்கிறேன், அவர்