ஈரம் காயட்டும்

பைபர் படகு வேலையில், பங்குனி வெயில் என்றால் ஒரு கிலோ ரெசின் பசைக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் 10 மில்லி ஊற்றினாலே போதும். மக்கில் இருப்பதை மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பில் தடவி முடிப்பதற்குள் அது தயிர்போலத் திரள ஆரம்பித்துவிடும். அதே 10 மில்லியை ஐப்பசி மழை நாளில் ஊற்றினால் மறுநாள் காலையிலும் விரலில் ஒட்டும். அதனால் பாம்பனில் எங்கள் பட்டறைச் சுவரில் தேதி காலண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு அட்டை தொங்குகிறது. எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எத்தனை மில்லி என்று பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதிய அட்டை. 10-இல் தொடங்கி 20 வரை போகும். அதற்கு மேல் ஊற்றினால் சீக்கிரம் காயும் என்று நினைப்பவர்கள் உண்டு. காய்வதுபோலத் தெரியும், ஆனால் பொருக்காகிப் போகும்.

20 வருடமாக எனக்கு பைபர் படகுதான் தொழில். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பைபர் படகுகளை ஊர் ஊராகக் கட்டினார்கள். வேலைக்கு ஆள் போதவில்லை. 2005-இல் அங்கே உதவியாளாகப் போய்ச் சேர்ந்து, மேட் வெட்டவும் ரோலர் ஓட்டவும் கற்றுக்கொண்டு, அப்புறம் ஊருக்குத் திரும்பினேன். என் பெரியப்பா ஓடாவி. வத்தை, வள்ளம் என்ற நாட்டுப்படகுகளை மரத்தில் செதுக்கிய கை. நான் பைபருக்குப் போனதில் அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் பட்டறைக்கு வந்து உட்காருவார். "மரம் தண்ணியில ஊறுனாத்தான் இறுகும். கரையில கிடந்து காஞ்சா வாய் பிளந்துரும். உன் பைபர் அதுக்கு நேர்மாறா இருக்கேடா" என்பார். அது உண்மைதான். மரப்படகுக்கு ஈரம் சேரவேண்டும். பைபருக்கு, வேலை செய்யும்போது ஈரம் ஆகவே ஆகாது.

எங்கள் தீவுக்கு இரண்டு கடல். பாக் நீரிணையை வடகடல் என்போம், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்போம். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் குளம்போலக் கிடக்கும். வாடை பிறந்தால் தலைகீழ். நாட்டுப்படகுக்காரர்கள் அதற்கேற்ப படகைக் கரை மாற்றிக் கட்டுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பழுது பார்க்க அதுதான் நல்ல காலம், வெயிலும் எங்கள் பக்கம். ஆனால் படகுகள் அதிகமாக உடைவது கார்த்திகையில். வேலை குவிகிற நேரமும் வேலை செய்யக் கூடாத நேரமும் ஒன்றாகவே வருகின்றன. இந்தத் தொழிலில் எனக்குள்ள பெரிய சிரமமே அதுதான்.

2020 டிசம்பரில் அது எனக்கு நன்றாக உறைத்தது. கொரோனா வருடம். மார்ச் முதலே கையில் காசில்லாமல் எல்லாரும் கடனில் இருந்தோம். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியது. டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைப் பக்கம் கரையேறி, இலங்கையைக் கடந்து, 3-ஆம் தேதி மன்னார் வளைகுடாவில் இறங்கியது. அங்கே வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமானது என்று செய்தியில் சொன்னபோது, தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். ஆனால் அது நகரவில்லை. ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு மழையைக் கொட்டியது. வாடைக்குப் பயந்து தென்கடலில் கட்டியிருந்த படகுகள். புயல் வந்து உட்கார்ந்ததும் அதே தென்கடலில். நங்கூரக் கயிறு அறுந்து, ஒன்றன்மேல் ஒன்று மோதி, அணியம் என்கிற முன்பக்கம் நொறுங்கியும் பக்கம் கிழிந்தும் கரையில் ஒதுங்கின.

பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர். எனக்கு முதலில் வந்த பயம் படகுகளைப் பற்றியது இல்லை. ஹார்டனரும், ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ரெசினில் ஒன்றைப் போட்டு நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றதை ஊற்றவேண்டும். புதிதாக வருகிற பையனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். அந்த இரண்டு கேன்களும் இருட்டில் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போய், ஒன்றை எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். இப்போது ஒன்று கிழக்குச் சுவரிலும் மற்றது மேற்குச் சுவரிலும், ஆள் உயரத்துக்கு மேல் பலகையில் இருக்கின்றன.

மழை விட்ட மறுநாள் ஒரு அண்ணன் வந்தார். சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். அவருடைய படகின் இடது பக்கம் முழங்கை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. "தம்பி, ரெண்டு நாள்ல கடலுக்குப் போகணும். வீட்டுல நகை ஒண்ணு பாக்கியில்ல" என்றார். நான் காயவேண்டும் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. படகுக்குப் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்துகொண்டார். மதியம் வரை எழவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை.

சரி என்று இறங்கிவிட்டேன். துணியால் துடைத்தோம், அசிட்டோன் போட்டோம், ஆலசன் விளக்கை இரவு முழுக்க எரியவிட்டோம். கை வைத்துப் பார்த்தால் சூடாக, காய்ந்ததுபோலத்தான் இருந்தது. மூன்று அடுக்கு மேட் போட்டு, ஹார்டனரையும் கொஞ்சம் கூட்டி ஊற்றினேன். மூன்றாம் நாள் அவர் கடலுக்குப் போனார். வெள்ளைவெளேரென்று, கிழிசல் எங்கே இருந்தது என்று தெரியாத அளவுக்கு இருந்தது என் வேலை.

11-ஆம் நாள் அந்த ஒட்டு கடலில் உரிந்தது. படகில் மூன்று பேர். வாளியால் இறைத்து இறைத்து, பக்கத்தில் வலை போட்டிருந்த இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்துதான் கரை சேர்ந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் அவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. "நான்தான அவசரப்படுத்துனேன்" என்றார். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவருக்கு அவசரம் இருக்கத்தான் செய்யும். காயாது என்று தெரிந்தவன் நான். அன்றிரவு என் மனைவியிடம்கூடச் சொல்ல முடியாமல் மொட்டைமாடியில் படுத்திருந்தேன். அந்த மூன்று பேரில் இளையவனுக்கு 19 வயது.

உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மேலே காய்ந்திருந்தது. உள்ளே, படகு மிதப்பதற்காக அடைத்து வைக்கும் ஃபோம் பஞ்சுபோலத் தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது. நான் விளக்கு வைத்துச் சூடாக்கியது மேல்தோலை மட்டும்தான். உள்ளிருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் என் மேட்டின் அடியில் வந்து தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு சில வாரம் எனக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. பட்டறைக்குப் போவேன், சும்மா இருப்பேன். வந்தவர்களிடம் ஈரம் என்று சொல்லி அனுப்புவேன். அது உண்மையும்கூட, ஆனால் முழு உண்மை இல்லை. கை நடுங்கியது.

ஒருநாள் மண்டபம் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது, முனைக்காட்டுக் கரையில் பெண்கள் சிலர் மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாசி வளர்க்கிறவர்கள். மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டிக் கடலில் விட்டு, 45 நாளில் அறுப்பார்கள். மழைநீர் அதிகம் கலந்து கடலில் உப்புக் குறைந்தால் அந்தப் பாசி வெளுத்து உதிர்ந்துவிடும். அந்த வருடம் மிதவையும் உடைந்திருந்தது, பாசியும் வெளுத்திருந்தது. அவர்கள் நடுவில் ஒரு ஆள் உயரத்துக்குக் கயிறும் வலையும் மூங்கிலும் சிக்கிய ஒரு குவியல். அதை முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தி பக்கத்திலேயே கிடந்தது, யாரும் எடுக்கவில்லை.

"இவ்வளவையும் எப்பக்கா பிரிச்சு முடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"கயிறு என்ன விலைன்னு தெரியுமா தம்பி உனக்கு?" என்றார் ஒரு அக்கா, தலை நிமிராமல். இன்னொருத்தி ஓரமாகத் தனியே வைத்திருந்த தட்டைக் காட்டினார். வெளுக்காமல் மிஞ்சிய பாசித் துண்டுகள். இரண்டு கைப்பிடி இருக்கும். அதுதான் அடுத்த விதை.

புயலுக்குப் பிறகு நிறையப் பேர் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் என்னைத் திரும்பப் பட்டறைக்குள் இழுத்தது அந்தக் கைப்பிடிப் பாசிதான். இந்தக் கரையில் பாசிப் பெண்களை வெளியூர்க்காரர்கள் இரக்கத்தோடு பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு, பவளப்பாறை இடுக்கில் மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கிறவர்கள். எந்தெந்த நாளில் கடலில் இறங்குவது, எப்போது பாசியை வளரவிடுவது என்று தங்களுக்குள் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். எங்கள் பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது அதற்காகத்தான். எடுக்காமல் இருக்கவேண்டிய நாளில் எடுக்காமல் இருப்பது பசியோடு இருப்பவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று அந்த டிசம்பரில்தான் எனக்கு உறைத்தது.

பெரியப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் தனுஷ்கோடிக்குப் பக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. அவர் அப்போது சிறுவன். பாம்பன் பாலமும் சிதைந்தது. மூன்று மாதத்துக்குள் முடிக்கச் சொன்ன வேலையை, அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். கடலுக்குள் போன இரும்புக் கர்டர்களையே தேடி எடுத்து மறுபடி ஏற்றினார்கள். எனக்கு எப்போதும் பெருமையான கதை. பெரியப்பாவுக்கும்தான்.

"பாலத்துக்கு 46 நாளு" என்றார். "எங்க ஊருக்கு இன்னும் ஆகல." தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தார்கள். தேவாலயத்துச் சுவரும் ரயில் நிலையத்துச் சுவரும் இன்றும் கூரையில்லாமல் நிற்கின்றன. பெரியப்பாவின் அம்மா சாகும்வரை அந்தப் பக்கம் போகவே இல்லையாம். பெரியப்பா 15 வருடம் கழித்து முதல் தடவையாகப் போய், வீடு இருந்த இடம் பிடிபடாமல் திரும்பிவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒன்றும் மாறவில்லை. அதனால்தானோ என்னவோ எனக்குத் தாங்கவில்லை.

தை பிறந்து பனி குறைந்த பிறகு அந்த அண்ணனிடம் நானே போய்ப் படகைக் கேட்டேன். கூலி வேண்டாம், பொருளும் என்னுடையது என்றேன். அவர் பாதிப் பொருளுக்குக் காசு தருவதாகப் பிடிவாதம் பிடித்தார். சரி என்றேன். இந்தத் தடவை அவசரமில்லை. அண்ணன் அதுவரை வேறொருவர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பழைய ஒட்டை முழுவதும் எடுத்தோம். அடியில் துளையிட்டு உள்ளே நின்ற தண்ணீரை வடித்தோம். ஊறிப்போன ஃபோமைச் சுரண்டி எறிந்தோம். உப்புப் போக நல்ல தண்ணீரால் மூன்று நாள் கழுவினோம். பிறகு வெயிலில் விட்டோம். ஒவ்வொரு காலையும் அந்த இடத்தில் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுவேன். வெயில் ஏறிய பிறகு பார்த்தால் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். வியர்த்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. 16 நாள் வியர்த்தது. 17-ஆம் நாள் தாள் சுத்தமாக இருந்தது. எனக்கு நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு நாள் விட்டேன். அப்புறம்தான் கிழிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்தோம், படகுச் சுவரின் கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்கு. சரிவு அகலமாக இருந்தால்தான் புது மேட்டுக்குப் பழைய பைபரில் பிடிமானம் கிடைக்கும். அடுக்கடுக்காக, ரோலரால் காற்றுக்குமிழை வெளியேற்றி, ஒன்று சூடு ஆறியபிறகு அடுத்தது.

முடிந்ததும் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஒட்டு முழுவதும் தட்டிக் காட்டினேன். உள்ளே பிடித்திருந்தால் டக் டக்கென்று கெட்டியாகக் கேட்கும். எங்காவது விட்டிருந்தால் சத்தம் பொத்தென்று மாறும். அண்ணன் காதை வைத்துக் கேட்டார். பிறகு நாணயத்தை என்னிடம் திருப்பித் தராமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பட்டறைக்குள் மறுபடி தண்ணீர். கேன்கள் பலகையில் பத்திரமாக இருந்தன. அடுத்த வாரமே நாலைந்து படகுகள் வந்தன, எல்லாருக்கும் அவசரம். நான் பிளாஸ்டிக் தாளையும் டேப்பையும்தான் எடுத்துக்கொண்டு போனேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். நிற்க முடிந்தவர்கள் நின்றார்கள். நிற்க முடியாத ஒருவருக்கு, எங்களிடம் சும்மா கிடந்த பழைய வத்தையைக் கொடுத்து அனுப்பினேன். பெரியப்பா கட்டியது. இரண்டு நாள் தண்ணீரில் ஊறியதும் வாய் மூடி இறுகிவிட்டது.

அண்ணனுடைய படகு இப்போதும் ஓடுகிறது. இந்த வருடம் வாடை தொடங்கியதும் படகைத் தென்கடலுக்கு மாற்றும் முன் கரையேற்றி வைத்திருந்தார். நான் போனபோது அவர் படகின் இடது பக்கம் குந்தி உட்கார்ந்து, நாணயத்தால் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்தார். நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன். அணியத்தில் தொடங்கி ஏரா என்கிற அடிக்கட்டை ஓரமாகப் பின்பக்கம் வரை, டக், டக், டக் என்று ஒரே சத்தமாகக் கேட்டுக்கொண்டே போனது.