காய்ச்சலுக்கு எந்த டாக்டர்?

சித்தப்பாவுக்குக் காய்ச்சல் ஒரு வழியாக இறங்கிவிட்டது. விசாரித்த அனைவருக்கும் நன்றி.

டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. ஆனாலும் காய்ச்சல் விடவில்லை. தலைவலி என்றதும் நரம்பியல் நிபுணரைப் பார்க்கச் சொன்னார்கள், இருமல் என்றதும் நுரையீரல் நிபுணரை. கடைசியில் நோயைக் கண்டுபிடித்தவர் எம்.டி. படித்த ஒரு பொது மருத்துவர். சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று டார்ச் அடித்துப் பார்த்தார். அரைஞாண் கயிற்றுக்கு அடியில், சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு ஒன்று இருந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் சித்தப்பாவுக்கே தெரியவில்லை. "வயலுக்குப் போவீர்களா, ஐயா?" என்று கேட்டார்.

ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வரும் பாக்டீரியாத் தொற்று. டாக்சிசைக்ளின் என்ற பழைய, மலிவான மருந்துக்கே கட்டுப்படும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். இந்தப் பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. அப்போது இரத்தப் பரிசோதனைதான் வழி.

மழையும் பனியும் சேரும் மாதங்களில் தமிழ்நாட்டில் இது அதிகம். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலுக்கு உறுப்புக்கு ஒரு நிபுணராகத் தேடி அலையாதீர்கள். முதலில் பொது மருத்துவர். குழந்தை என்றால் குழந்தைநல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொது மருத்துவப் பிரிவு இருக்கிறது. தேவைப்பட்டால் அவர்களே தொற்றுநோய் நிபுணரிடம் அனுப்புவார்கள். வயல், தோட்டம், ஆடு மாடு, வெளியூர்ப் பயணம் எதையும் விடாமல் சொல்லுங்கள். மூச்சுத்திணறலோ நினைவுத் தடுமாற்றமோ இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.