பழைய அல்ஃபா ஸ்பைடர் வாங்கப் போறியளோ? எஞ்சினை விட்டிட்டு முதல்ல அடியைப் பாருங்கோ

அல்ஃபா றோமியோ ஸ்பைடர் எண்டது இத்தாலிக்காரர் செய்த, சீலைக் கூரை போட்ட ரெண்டு சீற் கார். கிளிநொச்சியில நிண்டுகொண்டு அதை எங்கால எடுத்தனி, எப்பிடிப் பாத்து எடுத்தனி எண்டு கேக்கிற ஆக்கள் கூடிட்டினம், அதால நடந்ததை ஒருக்கா முழுசா எழுதி விடுறன். இத்தாலியில பலேர்மோவில வேலை செய்த காலத்தில இந்தக் காரை றோட்டில கண்டு கண்டே ஆசை வந்தது. 1966ல வந்த மொடல், பினின்ஃபரினா வரைஞ்ச பொடி, 1993 வரைக்கும் செய்தவை. முதல் வந்ததுக்குப் பின்பக்கம் உருண்டை, 1970ல இருந்து வந்ததுக்குப் பின்பக்கம் வெட்டி விட்ட மாதிரி நேரா இருக்கும். என்ர கார் அந்த ரெண்டாவது வகை, 2000 எஞ்சின், அதாவது 1962 சிசி, அஞ்சு கியர்.

இத்தாலியில மலிவாக் கிடக்குது, ஒண்டை அனுப்பி விடலாம்தானே எண்டு யோசிக்கிறவைக்கு ஒண்டு சொல்லோணும். எங்கட நாட்டுக்கு வாகனம் இறக்க வயசுக் கட்டுப்பாடு இருக்கு, அதோட அங்க ஓடுறதெல்லாம் இடப்பக்க ஸ்டியரிங். அதால இஞ்ச ஏற்கெனவே பதிஞ்சு ஓடின, வலப்பக்க ஸ்டியரிங் காரைத்தான் தேடோணும், அது ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் பிளேட்டோட கொழும்புப் பக்கம் ஆற்றையும் கராச்சுக்குள்ள சீலை போத்திக் கிடக்கும்.

முதல் பாத்தது நல்ல சிவப்பு, கண்ணாடி மாதிரி பெயின்ற். ஓனர் பொனற்றைத் திறந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறதிலயே நிண்டார். நான் கதவுக்குக் கீழால நீளத்துக்குப் போற தகட்டுப் பெட்டியில, சில் எண்டு சொல்லுறது, மெல்லிய துணி சுத்தின காந்தத்தை வச்சுக்கொண்டு போனன், முன்னுக்குப் பிடிச்சுது, நடுவில வந்து கீழ விழுந்திட்டுது. அதில தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசின பட்டிதான் முழுக்க. கூரை உள்ள காரெண்டா பாரத்தைக் கூரையும் சேந்து தாங்கும், இதுக்குத் தகட்டுக் கூரை இல்லை, அந்த சில்தான் முதுகெலும்பு. அதுவும் ஸ்பைடரில உள்ளுக்கு ஒண்டு, நடுவில ஒண்டு, வெளியில ஒண்டு எண்டு மூண்டு தகடு. வெளித்தகட்டை மட்டும் மாத்திப் பெயின்ற் அடிச்சு விட்டா வடிவா இருக்கும், உள்ளுக்கு உக்கிப் போய்க் கிடக்கும். அந்தக் காரில இன்னொண்டும் செய்து பாத்தம். ஜக் வைக்கிற இடத்தில ஜக்கை வச்சு ஒரு பக்கத்தைக் கொஞ்சம் உயத்திப்போட்டுக் கதவைத் திறந்து மூடினம். நல்ல சில்லெண்டா கதவு முந்தி மாதிரியே மூடோணும், அதில கதவு பூட்டில வந்து இடிச்சுது. அவ்வளவும் காணும், கும்பிட்டிட்டு வந்திட்டம்.

பிறகு வாங்கினதுக்கு பெயின்ற் மங்கல், ஆனா ரெண்டு கதவின்ர இடைவெளியும் மேலயிருந்து கீழ மட்டும் ஒரே அளவு. அதுக்குப் பிறகுதான் மிச்சத்தைப் பாத்தது. மிதிக்கிற காப்பெட்டைத் தூக்கித் தகட்டைக் கையால தடவிப் பாருங்கோ, ஈரம் இருக்கோ எண்டு. டிக்கியில ஸ்பெயார் ரயர் கிடக்கிற குழிக்குள்ள தண்ணி நிண்டு கறள் பிடிக்கும். முன்கண்ணாடிக்குக் கீழ தண்ணி வழிஞ்சு போற ஓட்டையில இலை குழை அடைச்சா தண்ணி உள்ளுக்க இறங்கும், நான் கம்பி விட்டுக் குத்தினதில ஒரு பிடி உக்கின இலை வந்தது. சின்னக் கறள் இருந்தது, தகடு வெட்டி ஒட்டுற அளவுதான்.

எஞ்சின் பாக்க என்னோட வந்தவர் எங்கட பக்கத்துப் பெரியவர் ஒராள். சண்டைக் காலத்தில பொருளாதாரத் தடை போட்டிருக்கேக்க வன்னிக்குள்ள பெற்றோல் இல்லாம மண்ணெண்ணெயில கார் ஓட்டினம்தானே, பெற்றோல் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடாக மண்ணெண்ணெய்க்கு மாத்தி. அந்தக் காலம் முழுக்க, பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு விடுற காபரேற்றரோடயே கிடந்த மனுசன். கொம்பியூட்டர் குத்திப் பாக்கிற பெடியள் இந்தக் காருக்குச் சரிவராது, காது வேணும். இதில ரெண்டு காபரேற்றர், ஒவ்வொண்டுக்கும் ரெண்டு வாய், எஞ்சினோட பிடிக்கிற இடத்தில ரப்பர். எங்கட வெக்கைக்கு அந்த ரப்பர் வெடிக்கும், வெடிச்சா காத்து இழுத்து எஞ்சின் துடிக்கும். பெரியவர் எஞ்சினை ஓடவிட்டு அந்த ரப்பரில கொஞ்சமாத் தண்ணி விட்டார், சத்தம் மாறிச்சு. "தம்பி, இது சின்னச் செலவு, பயப்பிடாத, ஹெட்டைப் பாப்பம்" எண்டார்.

ஹெட், அதாவது எஞ்சின் புளொக்குக்கு மேல பூட்டுற மூடிப் பாகம், அதுதான் முக்கியம். புளொக்கும் ஹெட்டும் அலுமினியம், ஒயில் மேல போற வழிக்குச் சின்ன ரப்பர் வளையங்கள் ரெண்டுக்கும் இடையில வைக்கிற ஹெட் காஸ்கெற்றோட இருக்கு, அது போனா ஒயிலும் தண்ணியும் கலக்கும். ஒயில் மூடியைக் கழட்டி உள்பக்கம் பாருங்கோ, பால் கலந்த மாதிரி வெள்ளைப் பசை இருந்தா விலையைக் கதைக்க முதல் யோசியுங்கோ. றேடியேற்றருக்குள்ள ஒயில் மிதக்குதோ எண்டும் பாருங்கோ. இதோட சேத்து ஒண்டு, வன்னியில கிணத்துத் தண்ணியை றேடியேற்றருக்கு விடவே வேண்டாம், கேத்திலில வெள்ளையாப் படியிற தண்ணி அலுமினியத்துக்குள்ள என்ன செய்யுமெண்டு யோசிச்சுப் பாருங்கோ. கூலன்ற் தான் விடோணும்.

ஓட்டிப் பாக்கேக்க கார் குளிரா இருக்கிற நேரம் போங்கோ, ஓனர் முதலே ஓட்டிச் சூடாக்கி வைக்க விடாதேங்கோ. மூண்டில இருந்து ரெண்டுக்குப் போடேக்க கரகரெண்டு கடிச்சா ரெண்டாவது கியரின்ர சிங்க்றோ, கியரைக் கடிக்காம விழ வைக்கிற வளையம், தேஞ்சிட்டுது. இந்தக் காருகளுக்கு அது பொதுவான வருத்தம், என்ரயும் குளிரில கடிக்கும், சூடாகினாப் பிறகு சரி. அதைச் சொல்லித்தான் விலையைக் குறைச்சன். கிளச்சை விடேக்க அடியில டொக்கெண்டு அடிச்சா பின்சில்லுக்கு இழுவை கொண்டு போற ஷாஃப்ற் நுனியில இருக்கிற தடிச்ச ரப்பரை டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, வெடிப்புத் தெரியும்.

கிரவல் றோட்டில இருக்கிறவை கட்டாயம் சம்பைப் பாக்கோணும். ஒயில் நிக்கிற சம்பும் அலுமினியம், நல்லாக் கீழ தொங்கும். ஒரு கல்லுப் பட்டாக் காணும். ஒட்டின அடையாளம் இருக்கோ, ஒயில் சொட்டுதோ எண்டு கீழ படுத்துப் பாருங்கோ. நான் ஒழுங்கைக்குள்ள கொண்டு போறேல்லை, ஏ9ஐயும் காப்பெற் றோட்டையும் விட்டு இறக்கிறதில்லை.

காரின்ர பதிவுப் புத்தகம், சிஆர் எண்டு சொல்லுறது, அதைப் பாக்கிறது ஒரு தனி வேலை. செசி நம்பர் எஞ்சினுக்குப் பின்னால இருக்கிற தகட்டில அடிச்சிருக்கும், துடைச்சிட்டு டோர்ச் அடிச்சு ஒவ்வொரு இலக்கமா சிஆர் புத்தகத்தோட ஒத்துப் பாத்தன். எஞ்சின் நம்பர் ஏஆர் 00512 எண்டு தொடங்கினா 2000 எஞ்சின், வேற எண்டா இடையில ஆரோ மாத்திப் போட்டிருக்கவும் கூடும், மாத்தியிருந்தா அது புத்தகத்தில ஏறியிருக்கோணும். புத்தகத்தில இருக்கிற பேர்க்காரர் கையெழுத்து வைக்காம, இடையில ஒராள் "பேப்பர் எல்லாம் ஓகே அண்ணை" எண்டு சொன்னா ஒரு சதமும் குடுக்காதேங்கோ. எனக்கு வித்தவர் தன்ர அடையாள அட்டையோட வந்து இருந்து கையெழுத்து வச்சார், நல்ல மனுசன்.

காரைப் புத்தளம், அனுராதபுரம் பக்கத்தால ஓட்டிக்கொண்டு வந்தம். ஓமந்தை தாண்டினாப் பிறகு சீலைக் கூரையை இறக்கினன், ஸ்பைடரில அது சீற்றில இருந்துகொண்டே ஒரு கையால செய்யலாம், வாங்கேக்க நீங்களே இழுத்துப் பாருங்கோ, பின்னுக்கு இருக்கிற பிளாஸ்ரிக் யன்னல் வெயிலில மஞ்சளாகி வெடிச்சிருக்கும்.

இப்ப பேர் மாத்திப் புத்தகம் கைக்கு வந்திட்டுது, காபரேற்றர் ரப்பரும் ஷாஃப்ற் ரப்பரும் பலேர்மோவில இருக்கிற மச்சான் அனுப்பிப் போட்டாச்சு. மிச்சம் கியர் பொக்ஸ் இறக்கி ரெண்டாவது கியரைச் செய்விக்கிறதுதான், காலபோக நெல்லு வித்துக் காசு வரப் பெரியவரோட இருந்து தொடங்குவம்.