நிறத்துக்கு முன் டோக்கனைப் பாருங்கள்

மென்பொருள் ஆவணங்களை வலைப்பக்கங்களாக்கும் ஸ்பிங்க்ஸ் என்ற கருவியில் ஆவணம் எழுதப் படித்த நாட்களில் என்னை அதிகம் அலைக்கழித்தது நிரல் வரிகளுக்கு நிறம் கொடுக்கும் வேலைதான். நிறம் சரியில்லை என்றால் உடனே பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பைத் திறப்பேன். பல நாள் கழித்துத்தான் கோளாறு அங்கே இல்லை என்று புரிந்தது.

ஸ்பிங்க்ஸ் இந்த வேலையை பிக்மென்ட்ஸ் என்ற பைத்தான் நூலகத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. அங்கே லெக்சர் என்ற பகுதி நிரலைத் துண்டுகளாகப் பிரித்து, இது கீவேர்டு (மொழி தனக்கென ஒதுக்கிய சொல்), இது ஸ்ட்ரிங், இது கமென்ட் என்று பெயர் வைக்கும். அந்தத் துண்டுகள்தான் டோக்கன். எந்தப் பெயருக்கு எந்த நிறம் என்பதை ஸ்டைல் சொல்லும். பிரித்ததே தப்பு என்றால் ஸ்டைலை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

எங்கள் குழுவுக்கென்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மொழி இருந்தது. அதற்கு, எழுத்து வடிவங்களை விதிகளாகத் தர உதவும் பிக்மென்ட்ஸின் ரீஜெக்ஸ்லெக்சரை வைத்து நானே ஒரு லெக்சர் எழுதினேன். பக்கத்தைத் திறந்தால் 'இன்டெக்ஸ்' என்ற மாறியின் ஆங்கிலப் பெயரில் முதல் 2 எழுத்துக்கு மட்டும் கீவேர்டு நிறம்! 'இன்' கீவேர்டாயிற்றே, அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தனிப் பெயராக விட்டிருந்தது. சரி என்று பெயர்களுக்கான விதியை மேலே ஏற்றினேன்; இப்போது ஒரு கீவேர்டுக்கும் நிறமில்லை. விதிகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதையே எடுத்துக்கொள்ளும் என்பது அப்போதுதான் உறைத்தது. கீவேர்டு விதியைத் திரும்ப மேலே வைத்து, அதன் முடிவில், சொல் அங்கே முடிய வேண்டும் என்று சொல்லும் எல்லைக் குறியைச் சேர்த்ததும் சரியானது.

அதனால் நீங்கள் லெக்சர் எழுதினால், ஸ்பிங்க்ஸில் சேர்ப்பதற்கு முன்பே பிக்மென்ட்ஸின் பிக்மென்டைஸ் கட்டளையில் 'ரா' ஃபார்மட் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். வரிக்கு ஒரு டோக்கனாகப் பெயரோடு வந்து நிற்கும். எனக்கு இதைவிட நல்ல ஆசான் கிடைக்கவில்லை.

நிறம் மாற்றுவது அதற்கப்புறம் சுலபம். பில்டில், அதாவது ஸ்பிங்க்ஸ் பக்கங்களை ஆக்கும்போது, உருவாகும் பிக்மென்ட்ஸ் சிஎஸ்எஸ் கோப்பில் மட்டும் கை வைக்காதீர்கள், அடுத்த பில்டில் அழிந்துவிடும். தனிக் கோப்பில் எழுதி, அமைப்புக் கோப்பின் சிஎஸ்எஸ் பட்டியலில் சேருங்கள். கமென்ட்டுக்கு வெளிர் சாம்பல் நிறம் அழகாகத் தெரியும், ஆனால் பார்வை குறைந்தவர்களால் படிக்க முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு இருக்கட்டும்.

லெக்சரைத் திருத்திய பிறகும் பழைய நிறமே தெரிந்தால் பயப்பட வேண்டாம். மூலக்கோப்பு மாறாத பக்கங்களை ஸ்பிங்க்ஸ் மறுபடி எழுதுவதில்லை. பில்டில் உருவான கோப்புகளைச் சுத்தமாக அழித்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.